தடையை எழுதியது யார்? வகுப்பறையில் சாதி வரலாறு: கேள்வி–பதில்

சமூக அறிவியல் ஆசிரியர்களும் பெற்றோரும் அனுப்பிய கடிதங்களில் ஒரே பொருளைச் சுற்றி வந்தவற்றை இந்த இதழில் சேர்த்திருக்கிறோம். தீண்டாமை, சாதித் தடைகள், பெண்கள் மீதான தடைகள் ஆகியவற்றைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வரலாறாக எப்படிக் கற்பிப்பது என்பதே அந்தப் பொருள். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டதால் எல்லோர் பெயரையும் விட்டிருக்கிறோம்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு எடுக்கிறேன். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் கலந்து உட்கார்ந்திருக்கும் வகுப்பு. தீண்டாமை என்று சொல்லத் தொடங்கினாலே நான்கு பேர் தலையைக் குனிந்துகொள்கிறார்கள், பத்துப் பேர் அவர்களைத் திரும்பிப் பார்க்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது? – ஆசிரியை, தேனி மாவட்டம்

துன்பத்திலிருந்து தொடங்கினால் அப்படித்தான் ஆகும். “அக்காலத்தில் தாழ்த்தப்பட்ட மக்கள் இன்னின்ன கொடுமைகளை அனுபவித்தார்கள்” என்று வாக்கியம் தொடங்கியதுமே வகுப்பு, அந்த மக்கள் யார் என்று தேடும். பக்கத்து பெஞ்சில் கண்டும்பிடித்துவிடும். ஆகவே மக்களை விட்டுவிட்டு விதியிலிருந்து தொடங்குங்கள். தடை என்பது ஒருவர் போட்டது, இன்னொருவர் காவல் காத்தது, வேறு சிலர் கூடி உடைத்தது. இந்த மூன்றையும் விசாரிக்கும் வகுப்பில் யாரும் யாரையும் திரும்பிப் பார்ப்பதில்லை. எல்லோரும் காகிதத்தைப் பார்க்கிறார்கள்.

அதற்கு நம்மிடம் அருமையான காகிதம் ஒன்று இருக்கிறது: அரசியலமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு. மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றைக் காரணம் காட்டி எந்தக் குடிமகனுக்கும் கடைகள், பொது உணவகங்கள், விடுதிகள், பொதுக் கேளிக்கை இடங்களில் நுழையத் தடை கூடாது. அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் அல்லது பொதுமக்களுக்கென விடப்பட்ட கிணறுகள், குளங்கள், படித்துறைகள், சாலைகள், பொது இடங்களைப் பயன்படுத்தவும் தடை கூடாது என்கிறது அது. நாலைந்து வரிதான். அரைத்தாளில் ஜெராக்ஸ் எடுத்து ஐந்து பேருக்கு ஒன்று கொடுங்கள். நான்கு பாடவேளை போதும்.

முதல் பாடவேளையில் ஒரு குழுவுக்கு ஒரு சொல்: கடை, உணவகம், கிணறு, குளம், சாலை. கேள்வி ஒன்றே ஒன்று. ஒரு நாட்டின் தலையாய சட்டத்தில் “கிணறு” என்று ஏன் எழுத வேண்டியிருந்தது? பத்து நிமிடம் பேச விடுங்கள், விடையைச் சொல்லிவிடாதீர்கள். “ரோடு கவர்மெண்ட்டோடதுதானே, அதுல போகக் கூடாதுன்னு யாரு சொல்ல முடியும்?” என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். அந்தக் கேள்வியைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி, நான்கு நாளும் அழிக்காமல் வையுங்கள். “கடை” கிடைத்த குழுவுக்குக் கூடுதலாக ஒரு செய்தி கொடுக்கலாம். கடை என்றால் சலவைக் கடையும் முடிதிருத்தகமும் அதில் சேருமா என்று அரசியல் நிர்ணய சபையிலேயே கேட்டார்கள். காசு வாங்கிக்கொண்டு சேவை தருகிற எவரையும் அந்தச் சொல் குறிக்கும் என்று அம்பேத்கர் விளக்கினார். அந்தக் கேள்வி ஏன் வந்தது என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டிய அவசியமே இருக்காது.

இரண்டாம் பாடவேளை, இன்றைய மகாராஷ்டிரத்தில் உள்ள மகாட் ஊர். ஐந்து சீட்டுகள் எழுதிக் கலைத்துக் கொடுத்துக் கால வரிசையில் அடுக்கச் சொல்லுங்கள். பொது நீர்நிலைகள் எல்லோருக்கும் என்று 1923-இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. 1924-இல் மகாட் நகராட்சி சவதார் குளத்தைத் திறப்பதாகத் தீர்மானம் போட்டது. 1927 மார்ச் 20-இல் அம்பேத்கர் தலைமையில் ஊர்வலமாகப் போய்த் தண்ணீர் குடித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் நகராட்சி தன் தீர்மானத்தை ரத்து செய்தது. 1937 மார்ச் 17-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் குளம் எல்லோருக்கும் பொது என்றது. அடுக்கும்போது பெரும்பாலான குழுக்கள் போராட்டத்தை முதலிலும் தீர்மானத்தைப் பின்னாலும் வைக்கும். போராடினார்கள், அதனால் சட்டம் வந்தது என்று அவர்கள் படித்துப் பழகிய வரிசை அது. இங்கே தலைகீழ். சட்டம் முதலிலேயே வந்துவிட்டது, தண்ணீர்தான் வரவில்லை. குடித்த பிறகு 108 குடம் வைத்துக் குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள் என்பதையும் சொல்லுங்கள். மாடு இறங்கிக் குடித்தால் படாத தீட்டு மனிதர் குடித்ததும் பட்டது எப்படி என்று வகுப்பே கேட்கும்.

மூன்றாம் பாடவேளை, அன்றைய திருவிதாங்கூரில், இன்றைய கேரளத்தில் உள்ள வைக்கம். 1924 மார்ச் 30-இல் கோயிலைச் சுற்றியிருந்த சாலைத் தடையை மீறப் போன முதல் மூவர் குஞ்ஞாப்பி, பாகுலேயன், கோவிந்த பணிக்கர். புலையர் ஒருவர், ஈழவர் ஒருவர், நாயர் ஒருவர். நாயர் தாராளமாக நடக்கக்கூடிய சாலை அது. அவரும் ஏன் கைதானார் என்ற கேள்வியில் ஐந்து நிமிடம் செலவிடுங்கள். அதே சாலையில் கிறித்தவரும் முஸ்லிமும் தடையின்றி நடக்கலாம் என்பதையும் சொன்னால், தடை எவ்வளவு கணக்காகப் போடப்பட்டது என்பது புலப்படும். ஏப்ரலில் பெரியார் போய்ச் சேர்ந்து இரண்டு முறை சிறை சென்றது, நாகம்மையார் உள்ளிட்ட பெண்கள் களத்தில் நின்றது, வெள்ளக் காலத்தில் தொண்டர்கள் கழுத்தளவு தண்ணீரில் நின்றது எல்லாம் இதில் வரும். 1925 பிப்ரவரியில் திருவிதாங்கூர் சட்டமன்றத்தில் சாலைகளைத் திறக்கக் கோரிய தீர்மானம் 22-க்கு 21 என்று ஒரே வாக்கில் தோற்றதைச் சொல்ல மறக்காதீர்கள். அந்த ஆண்டின் இறுதியில் மூன்று பக்கச் சாலைகள் திறந்தன. கிழக்குச் சாலை திறக்கவில்லை. 1936 நவம்பர் 12-இல் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தபோதுதான் எல்லாம் திறந்தது.

இந்த வகுப்பு கெட்டுப்போவது ஒரே இடத்தில். வெற்றி காந்திக்கா, பெரியாருக்கா, போராட்டத்தைத் தொடங்கிய டி.கே. மாதவனுக்கா என்று பட்டிமன்றம் தொடங்கிவிடும். வீட்டில் கேட்டதையெல்லாம் பிள்ளைகள் கொட்டுவார்கள், மணியடித்துவிடும். “யார் எந்த மாதத்தில் என்ன செய்தார்” என்று கரும்பலகையில் கோடு போட்டு எழுத வைத்தால் அந்தச் சண்டை தானாக அடங்கும்.

நான்காம் பாடவேளையில் சென்னை மாகாணம். 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தால் பொதுச் சாலைகளும் கிணறுகளும் அரசு அலுவலகங்களும் எல்லோருக்கும் உரியவை என்று அரசாணை வந்தது. அதன் பிறகு ஒவ்வொரு குழுவும் தன் சொல்லுக்கு ஒரு அட்டவணை நிரப்ப வேண்டும்: தடை என்ன, அமல்படுத்தியது யார் (போலீஸா, நகராட்சியா, கோயிலா, ஊரா), எதிர்த்தது யார், எத்தனை ஆண்டு ஆயிற்று. “மேல்சாதிக்காரர்கள் தடுத்தார்கள்” என்று எழுதினால் ஏற்காதீர்கள். யார், எந்த ஆண்டு, எந்த உத்தரவு என்று திருப்பிக் கேளுங்கள். கூர்மையான பிள்ளை ஒன்று 15(2)-இல் கோயில் என்ற சொல்லே இல்லையே என்று கேட்கலாம். உண்மைதான். கோயில்களைப் பற்றிய விதி 25(2)-இல் இருக்கிறது. தீண்டாமையை ஒழிக்கும் 17-ஆம் பிரிவை அதற்குப் பிறகு நடத்துங்கள். அப்போது அது மனப்பாட வரியாக இருக்காது.

கேள்வி: அமெரிக்க ஆசிரியை ஒருவர் நீலக்கண், பழுப்புக்கண் என்று வகுப்பைப் பிரித்துப் பாகுபாட்டை உணர வைத்த வீடியோ பார்த்தேன். நம் வகுப்பில் செய்யலாமா? – பட்டதாரி ஆசிரியர், கடலூர்

வேண்டாம். ஜேன் எலியட் அதைச் செய்தது 1968 ஏப்ரல் 5-இல், மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்ட மறுநாள், அயோவா மாநிலத்தின் ரைஸ்வில் என்ற சிற்றூரில். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் வெள்ளையர். கண்ணின் நிறத்துக்கு அந்த ஊரில் அதற்கு முன் எந்த அர்த்தமும் கிடையாது. பயிற்சி முடிந்ததும் பிள்ளைகளுக்கு நடுவே போட்ட கோட்டை அழித்துவிடலாம் என்ற நம்பிக்கையில் செய்தது. அங்கேயே அதைப் பற்றிக் கடுமையான எதிர்ப்பு உண்டு.

நம் வகுப்பில் கோடு ஏற்கெனவே இருக்கிறது. நீங்கள் விளையாட்டுக்குப் போடும் கோடு அந்தக் கோட்டின் மேல்தான் போய் உட்காரும். தற்செயலாகப் பின்வரிசைக்குப் போகும் பிள்ளை, நேற்று நிஜமாகவே எங்கோ தள்ளி நிற்க வைக்கப்பட்ட பிள்ளையாக இருந்தால்? பாகுபாட்டை உணர்ந்தவருக்கு உணர்த்தும் பயிற்சி தேவையில்லை. உணராதவர் ஒரு மணி நேரம் விளையாடிவிட்டு உணர்ந்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்.

அனுபவமாக ஏதாவது வேண்டும் என்றால் வாக்குரிமைச் சீட்டு நன்றாக வேலை செய்யும். 1920-இல் சென்னை மாகாணத் தேர்தலில் வாக்களிக்கத் தகுதி பெற்றவர்கள் சுமார் 12.5 லட்சம் பேர்; மாகாண மக்கள்தொகை 4 கோடிக்கு மேல். முப்பது சொச்சம் பேருக்கு ஒருவர். சொத்து, வரி இருந்தால்தான் வாக்கு. பெண்களுக்கு அந்தத் தேர்தலில் கிடையாது, 1921-இல்தான் சட்டமன்றம் தீர்மானம் போட்டுக் கொடுத்தது. வகுப்பில் எத்தனை பேரோ அத்தனை சீட்டு எழுதுங்கள்: குத்தகை விவசாயி, நெசவாளி, மிராசுதார், பள்ளி ஆசிரியை, ரயில்வே கூலி, விதவை, மீனவர், மாட்டுவண்டிக்காரர். சீட்டில் சாதி எழுதாதீர்கள். குலுக்கிப் போட்டு எடுக்கச் சொல்லுங்கள். பிறகு தகுதிகளை ஒவ்வொன்றாகப் படித்து, தகுதி இல்லாதவர்களை உட்காரச் சொல்லுங்கள். கடைசியில் ஒருவரோ இருவரோ நின்றுகொண்டிருப்பார்கள். “மதுக்கடையை மூடலாமா, பள்ளிக்கூடம் கட்டலாமா என்பதை இவர் மட்டும் முடிவு செய்வார்” என்று சொல்லிவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் இருங்கள். இருபது நிமிடத்தில் முடிகிற வேலை. யாருக்கும் காயம் இல்லை.

கேள்வி: பாடம் நடத்தும்போது ஒரு மாணவன் எழுந்து, “எங்க தாத்தாவைத் தப்புன்னு சொல்றீங்களா சார்?” என்றான். என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்? – ஆசிரியர், விருதுநகர் மாவட்டம்

“உன் தாத்தாவைப் பற்றி எனக்குத் தெரியாது தம்பி. இந்த விதியைப் பற்றித் தெரியும். இதைப் பார்ப்போம்.” இவ்வளவு போதும். அந்தப் பையன் கேட்டது நல்ல கேள்வி. அதட்டி உட்கார வைத்தால் அடுத்த வாரம் கையில் புதுச் சாதிக் கயிறு கட்டிக்கொண்டு வருவான்.

அவனுக்குச் சொல்ல வரலாற்றில் ஆட்கள் இருக்கிறார்கள். வைக்கத்தில் கைதான கோவிந்த பணிக்கர். சாலையைத் திறக்கச் சொல்லி 1924 நவம்பரில் வைக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு நடந்த சவர்ண (உயர்சாதியினர்) ஊர்வலத்தின் தலைவர் மன்னத்து பத்மநாபன். 1939 ஜூலை 8-இல் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் கக்கன் உள்ளிட்டோருடன் நுழைந்த வைத்தியநாத ஐயர். பிறந்த சாதி ஒருவர் எந்தப் பக்கம் நிற்பார் என்பதை முடிவு செய்துவிடவில்லை என்பதற்கு இவர்கள் சாட்சி.

ஆனால் இந்தப் பட்டியலைத் தாராளமாக அள்ளி இறைக்காதீர்கள். இவர்களை மட்டுமே சொன்னால், உரிமை என்பது நல்ல மனம் படைத்த பெரியவர்கள் கொடுத்தது என்ற கதையாகிவிடும். ஒருவரைச் சொன்னால், தடைக்கு உள்ளானவர்களிலிருந்தே எழுந்த இருவரையாவது சொல்லுங்கள்: அயோத்திதாசர் 1907-இல் தொடங்கிய பத்திரிகை, இரட்டைமலை சீனிவாசன் வட்டமேசை மாநாட்டில் பேசியது, 1922-இல் எம்.சி. ராஜா சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம்.

உங்கள் மாவட்டத்துக்கு இன்னொன்றும் பொருந்தும். கமுதி கோயிலில் நுழைந்ததற்காக நாடார்கள் மீது வழக்கு நடந்து, 1908-இல் அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் நாடார்கள் தோற்றார்கள். இன்று அதைச் சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். தடை யார் மேல் என்பது காலத்துக்குக் காலம், ஊருக்கு ஊர் மாறியது என்பதற்கும், நீதிமன்றம் எப்போதும் நியாயத்தின் பக்கம் நின்றுவிடவில்லை என்பதற்கும் அந்த வழக்கு ஒன்றே போதும்.

கேள்வி: இடஒதுக்கீடு பற்றிப் பேச்சு வந்தாலே வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. – முதுகலை ஆசிரியை, கோவை

கருத்தைக் கேட்டால் பிரியும். கணக்கைக் கொடுத்தால் பிரியாது. பென்சிலும் கட்டம் போட்ட நோட்டும் எடுக்கச் சொல்லுங்கள்.

முதல் கணக்கு 1912. சென்னை மாகாண மக்கள்தொகையில் 3 சதவீத அளவில் இருந்த பிராமணர்கள், டெபுடி கலெக்டர் பதவிகளில் 55 சதவீதத்திலும், சப்-ஜட்ஜ் பதவிகளில் 83 சதவீதத்திலும், மாவட்ட முன்சீப் பதவிகளில் 73 சதவீத அளவிலும் இருந்தார்கள். இதைப் பட்டை வரைபடமாகப் போடச் சொல்லுங்கள். இரண்டாம் கணக்கு, 1928-இல் நடைமுறைக்கு வந்த வகுப்புவாரி ஆணை. அரசுப் பணியில் 12 இடம் வந்தால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியரும் கிறித்தவரும் சேர்ந்து 2, ஆதிதிராவிடர்களுக்கு 1. 1947-இல் இது 14 இடமாகி, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்குத் தனியாக 2 வந்தது. ஆதிதிராவிடர்களுக்கு 2 ஆனது. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “முதல் பட்டியலில் யாருக்குக் குறைவு? ஏன் திருத்தினார்கள்?” என்று கேளுங்கள். பிராமணரல்லாதார் என்ற ஒரே கூடைக்குள்ளும் ஏற்றத்தாழ்வு இருந்தது, ஆதிதிராவிடர்களுக்குப் பன்னிரண்டில் ஒன்றுதான் கிடைத்தது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். ஆசிரியர் வாயால் சொன்னால் அது கட்சிப் பேச்சாகக் கேட்கும்.

பிறகு 1951: செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுப்புவாரி ஆணையைச் செல்லாது என்றது, சென்னை மாநிலத்தில் கிளர்ச்சி, அதே ஆண்டு அரசியலமைப்பின் முதல் திருத்தம், பின்தங்கிய வகுப்பினருக்குச் சிறப்பு ஏற்பாடுகளை அனுமதிக்கும் 15(4)-ஐச் சேர்த்தது. கடைசியாகத் தமிழ்நாட்டின் இன்றைய 69 சதவீத இடஒதுக்கீட்டின் உட்பிரிவு: பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர் 20, பட்டியல் சாதியினர் 18 (அதற்குள் அருந்ததியருக்கு 3), பழங்குடியினர் 1. இடஒதுக்கீடு என்றால் ஏதோ ஒரு சாதிக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் பலர், தாங்களும் இந்தப் பட்டியலில் இருப்பதைப் பார்த்து வாயடைத்துப் போவார்கள். அதைச் சத்தமாகச் சொல்லச் சொல்லாதீர்கள், பார்த்தால் போதும். முதல் கணக்கில் வகுப்பில் உள்ள பிராமணப் பிள்ளையைப் பார்த்து யாரும் சிரிக்காமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் வேலைதான்.

இதோடு சேர்த்து ஒன்று. “எஸ்.சி. ஸ்காலர்ஷிப் வந்திருக்கு, எல்லாரும் எழுந்து நில்லுங்க” என்று வகுப்பில் அறிவிக்கும் வழக்கம் சில பள்ளிகளில் இன்னும் இருக்கிறது. நான்கு பாடவேளை பாடுபட்டுக் கற்பித்தது அந்த ஒரு வாக்கியத்தில் போய்விடும். விண்ணப்பங்களைத் தனித்தனியாக அலுவலகத்தில் கொடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: தோள்சீலைப் போராட்டத்தை ஆண், பெண் சேர்ந்து படிக்கும் வகுப்பில் நடத்தவே கூச்சமாக இருக்கிறது. பையன்கள் சிரிக்கிறார்கள். – ஆசிரியை, கன்னியாகுமரி மாவட்டம்

உடலைப் பற்றிய பாடமாகத் தொடங்குவதால் சிரிக்கிறார்கள். திருவிதாங்கூரில் நாடார்களுக்கு இருந்த தடைகளின் முழுப் பட்டியலை முதலில் எழுதுங்கள்: குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, பொன் நகை அணியக் கூடாது, மாடி வீடு கட்டக் கூடாது, பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துச் சுமக்கக் கூடாது. குடத்துக்கும் சாதிக்கும் என்ன சம்பந்தம் என்று கேளுங்கள். ஒருவரைத் தூரத்திலிருந்து பார்த்தே இன்னார் என்று தெரிந்துகொள்வதற்கான அடையாள விதிகள் இவை என்பது விளங்கியபின், மேலாடைத் தடையைப் பட்டியலின் அடுத்த வரியாக எழுதுங்கள். சிரிப்பு வராது.

கால வரிசை: 1810-களில் ரெசிடென்டாக (பிரிட்டிஷ் பிரதிநிதியாக) இருந்த கர்னல் மன்றோ காலத்தில் கிறித்தவப் பெண்களுக்குக் குப்பாயம் (மேல்சட்டை) அணிய அனுமதி, 1822 முதல் மோதல்கள், 1829-இல் அரசின் தடைப் பிரகடனம், 1858–59-இல் பெருங்கலவரம், 1859 ஜூலை 26-இல் அனுமதி. அந்த அனுமதியிலும் உயர்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. அதை மட்டும் எடுத்து, “இது வெற்றியா?” என்று ஐந்து வரி எழுதச் சொல்லுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. இணையத்தில் சுற்றும் படங்களை ஸ்மார்ட் போர்டில் போடாதீர்கள். முலைவரியை எதிர்த்து மார்பை அறுத்துக்கொண்டதாகச் சொல்லப்படும் நாங்கேலியின் கதையை ஆவணம் போலச் சொல்லாதீர்கள். அது சேர்த்தலைப் பகுதியின் வாய்மொழிக் கதை. வாய்மொழிக் கதைக்கும் அரசுப் பிரகடனத்துக்கும் சான்று மதிப்பில் உள்ள வேறுபாட்டைக் கற்பிக்க வேண்டுமானால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம்.

கேள்வி: தாத்தா பாட்டியிடம் பேட்டி எடுத்து வரச் சொன்னால் நல்ல வீட்டுப்பாடமாக இருக்குமா? – ஆசிரியர், திருவண்ணாமலை மாவட்டம்

மிக நல்ல பாடம். மிக மோசமாகவும் முடியக்கூடிய பாடம்.

“உங்கள் காலத்தில் சாதிக் கொடுமை இருந்ததா?” என்று கேட்க வைத்தால் ஒரு வீட்டில் பெருமை பேசுவார்கள், ஒரு வீட்டில் அழுவார்கள், ஒரு வீட்டில் பிள்ளைக்கு அடி விழும். மனிதர்களைப் பற்றிக் கேட்காமல் பொருளையும் இடத்தையும் பற்றிக் கேட்க வையுங்கள். குடிதண்ணீர் எங்கிருந்து வந்தது, அதில் யார் யார் இறைத்தார்கள்? டீக்கடையில் டம்ளர் எத்தனை வகை, யார் கழுவினார்கள்? முடிவெட்ட எங்கே போனீர்கள்? பள்ளியில் எங்கே உட்கார்ந்தீர்கள்? தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த இடம் உண்டா? அது எந்த ஆண்டில் மாறியது? ஆறு கேள்வி, அதற்கு மேல் வேண்டாம்.

விடைகளைப் பெயரில்லாத தாளில் வாங்குங்கள். ஒவ்வொருவரையும் எழுந்து படிக்கச் சொல்வதுதான் இந்தப் பாடத்தில் நடக்கும் பெருந்தவறு. “எங்க பாட்டிக்குக் கொட்டாங்குச்சியில டீ குடுத்தாங்க” என்று ஒரு பிள்ளை படித்த நொடியில் அதன் சாதியை வகுப்பே தெரிந்துகொள்ளும். “அந்தக் கிணறு எங்களோடது” என்று படிக்கும் பிள்ளைக்கும் அதே கதிதான். தாள்களை நீங்கள் வீட்டுக்கு எடுத்துப்போய், ஆள் பெயர், ஊர்ப் பெயர், தெருப் பெயர் எல்லாவற்றையும் நீக்கி, பத்தாண்டு வாரியாகப் பிரித்து ஒரே சார்ட்டில் எழுதி வாருங்கள். நாற்பது தாளுக்கு இரண்டு மணி நேரம் ஆகும். மறுநாள் பிள்ளைகள் படிப்பது ஒரு பகுதியின் வரலாறாக இருக்கும். யாருடைய வீட்டுக் கதையாகவும் இருக்காது. கையெழுத்தை வைத்துக் கண்டுபிடிப்பார்கள் என்பதால் மூலத் தாள்களை வகுப்புக்குக் கொண்டுவராதீர்கள்.

ஏதாவது ஒரு தாளில், இரட்டைக் குவளை இன்றைக்கும் இருப்பதாக வரலாம். அது வரலாறு அல்ல, குற்றம். 1955 குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் உள்ளன. பிள்ளையைச் சாட்சியாக இழுக்காமல் தலைமையாசிரியரிடம் கொண்டுபோங்கள். வன்கொடுமைகளுக்கான தேசிய உதவி எண் 14566. பள்ளிக்குள் நடப்பதானால் மாநிலப் பள்ளிக்கல்வி உதவி எண் 14417, குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

கேள்வி: என் மகள் ஐந்தாம் வகுப்பு. இந்த வயதில் இதெல்லாம் தேவையா? – ஒரு தாய், சேலம்

கொடுமைகளின் விவரம் தேவையில்லை. சேர்ந்து சாப்பிடுவது எப்படி வந்தது என்பது தேவை. 1922-இல் சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் ஒரு குருகுலம் தொடங்கினார்; காங்கிரஸ் அதற்கு 5,000 ரூபாய் கொடுத்தது. அங்கே பிராமணப் பிள்ளைகள் இருவருக்குத் தனியாகச் சாப்பாடு போட்டார்கள். பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் எதிர்த்தார்கள், மாகாணமே இரண்டுபட்டது. பத்து வயதுப் பிள்ளைக்கு இது அப்படியே புரியும். தனிப்பந்தி என்றால் என்னவென்று அதற்குத் தெரியும். அங்கிருந்து 1920-இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கிய மதிய உணவு, 1956-இல் காமராஜர், 1982-இல் எம்.ஜி.ஆர்., 2022-இல் காலை உணவு என்று சத்துணவுத் தட்டு வரை வந்துவிடலாம். வ.வே.சு. ஐயரை வில்லனாக்கிவிடாதீர்கள். நாட்டுக்காக எல்லாவற்றையும் துறந்தவர், சாப்பாட்டு வரிசையில் தவறினார். இரண்டும் ஒரே ஆள்தான் என்பதைச் சிறு பிள்ளைகள் பெரியவர்களை விட எளிதாக ஏற்றுக்கொள்வார்கள்.

கேள்வி: சாதியைப் பற்றி மட்டும்தானா? பெண்கள்? – மாணவி, பிளஸ் ஒன், புதுச்சேரி

நியாயமான கேள்வி. இரண்டு கணக்கு தருகிறோம், உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள். 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்திய ஆண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 27.16 சதவீதம், பெண்களில் 8.86. இரண்டாவது: 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சம சொத்துரிமை கேட்டுத் தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டில் அதற்கான சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது 1989-இல், இந்தியா முழுமைக்கும் 2005-இல். இடையில் 60 ஆண்டு. அந்த 60 ஆண்டில் உங்கள் வீட்டில் நடந்த திருமணங்களில் யார் எதற்குக் கையெழுத்துப் போட்டார்கள் என்று பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: “பிரச்சினை வரும், இதெல்லாம் நடத்தாதீங்க” என்கிறார் தலைமையாசிரியர். – ஆசிரியர், தென் மாவட்டம்

பாடத்திட்டத்தில் உள்ளதைத்தான் நடத்துகிறீர்கள் என்பதை எழுத்தில் காட்டுங்கள். நான்கு பாடவேளைக்கான பாடத்திட்டக் குறிப்பை முன்கூட்டியே கொடுத்துக் கையொப்பம் வாங்குங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இரண்டு நிமிடம் பேசுங்கள். 2023-இல் நாங்குநேரியில் மாணவர் ஒருவர் வீட்டிலேயே வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்திருக்கிறது. சாதிக் கயிறுகளைத் தடை செய்வது, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குவது போன்ற பரிந்துரைகள் அதில் உள்ளன. பேசாமல் இருந்தால் பிரச்சினை வராது என்பவரிடம் அந்த அறிக்கையைக் கொடுத்துப் படிக்கச் சொல்லலாம்.

உள்ளூரில் சமீபத்தில் மோதல் நடந்திருந்தால் மட்டும் சற்றுப் பொறுங்கள். அந்தப் பருவத்தில் மகாட்டையும் வைக்கத்தையும் நடத்துங்கள், பேட்டி வீட்டுப்பாடத்தை அடுத்த பருவத்துக்குத் தள்ளுங்கள். குருபூஜை, ஜெயந்தி நாட்களையொட்டிய வாரங்களையும் தவிர்ப்பது நல்லது.

கேள்வி: தேர்வில் எப்படிக் கேட்பது? “தீண்டாமையின் தீமைகள் யாவை?” என்று கேட்டால் எல்லோரும் ஒரே பிரசங்கத்தை எழுதுகிறார்கள். – ஆசிரியை, தஞ்சாவூர்

கேள்வியே பிரசங்கம் கேட்கிறது, பிள்ளைகள் எழுதுகிறார்கள். ஒரு சிறு ஆவணப் பகுதியைக் கொடுங்கள்; 1859 பிரகடனத்தின் சுருக்கமோ, 1928 ஆணையின் பட்டியலோ. பத்து மதிப்பெண்ணை இப்படிப் பிரிக்கலாம்: இதை வெளியிட்டது யார், எப்போது (2), இது எதை அனுமதித்தது, எதை விட்டுவிட்டது (4), இது வருவதற்கு முன் யார் என்ன செய்தார்கள் (3), இதில் தெரியாமல் போவது என்ன, அதைத் தெரிந்துகொள்ள வேறு என்ன ஆவணம் வேண்டும் (1). கடைசி ஒரு மதிப்பெண்ணுக்கு முதல் தடவை வகுப்பில் பாதிப் பேர் எதுவும் எழுத மாட்டார்கள். அந்தப் பெண்கள் எழுதிய கடிதம் இருக்கிறதா, குடம் சுமந்தவர் சொன்னது எங்காவது பதிவாகியிருக்கிறதா என்று இரண்டாம் தடவை கேட்கத் தொடங்குவார்கள். “சாதி ஒழிய வேண்டும்” என்று முடிக்கும் விடைக்குக் கூடுதல் மதிப்பெண் போடாதீர்கள்.